மேற்படிப்புப் பெயர்ச்சி இலக்கணம்

பாயிரம்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், தமிழ்நாட்டில் பொறியியலோ அறிவியலோ இளநிலை முடித்த மாணாக்கர் ஒருவர் எஃப்-1 விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்வதை உணர்த்துதல் நுதலிற்று. குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் பஞ்சாங்கம் இருக்கிறது. மாணாக்கர் பெயர்ச்சிக்கோ முறையான நூல் இல்லை. இரண்டு மரபுகளே உள்ளன. ஒன்று, ஊருக்கு ஊர் பலகை மாட்டியிருக்கும் கன்சல்டன்சி மரபு. மற்றது, முந்திய ஆண்டு போய்ச் சேர்ந்த சீனியர்கள் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் அருளும் உரை மரபு. முன்னவர் எல்லாம் கைகூடும் என்பர். பின்னவர், வேலைச் சந்தை படுத்துவிட்டது, வராதே என்பர். தாம் மட்டும் திரும்பி வரமாட்டார்.

இரு மரபினரும் மாணாக்கரை மதிப்பெண்ணால் வகுப்பர். ஜிஆர்இ என்ன, சிஜிபிஏ என்ன, அரியர் உண்டா என்று கேட்டுவிட்டு, பல்கலைக்கழகங்களை அம்பிஷியஸ், மாடரேட், சேஃப் என்று மூன்றாகப் பிரித்துக் கையில் கொடுப்பர். இப்பகுப்பு நிலைக்காது. சேஃப் கைவிட்டு அம்பிஷியஸ் அழைத்துக்கொண்ட கதை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எனவே இந்நூல் வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறது: பணம் யாருடையது? அதற்கு விடை தெரிந்தால், மாணாக்கர் எந்தப் பாடம் எடுப்பார், எந்த வேலைக்குத் தலையாட்டுவார், ஊருக்கு எத்தனை ஆண்டு கழித்து வருவார் என்பது வரை சொல்லிவிடலாம்.

பண இயல்

பணத்தால் மாணாக்கர் நால்வகையர்: கொடையர், ஊதியர், கடனர், தந்தைகையர்.

கொடையர் எண்ணிக்கையில் சிறியர், வரலாற்றில் பெரியர். 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகள். திரும்பியதும் சமஸ்தானத்தில் பத்தாண்டு பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்றும் ஃபுல்பிரைட்-நேரு இருக்கிறது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. கன்சல்டன்சி மரபினர் இவற்றை அதிகம் விதந்து ஓதுவதில்லை. கமிஷன் இல்லாத சூத்திரத்துக்கு உரை எழுதுவார் யார்?

கொடையும் கடனும் கூடிப் பிறந்த உயிர்மெய் ஒன்றும் உண்டு. 1892இல் ஜாம்ஷெட்ஜி டாடா நிறுவிய ஜே.என். டாடா அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை. படித்து முடித்தவர் திருப்பித் தரவேண்டும். கே.ஆர். நாராயணன் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனது இதன் துணையால்தான்.

ஊதியர் எனப்படுவோர் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்துப் படிக்கவைக்கும் மாணாக்கர். ஆராய்ச்சி உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வாரம் 20 மணி நேரம் உழைத்தால் கட்டணம் தள்ளுபடியாகும், கைச்செலவுக்கும் வரும். இங்கே ஓர் ஐயம். இரண்டு ஆண்டில் முடியும் எம்எஸ்ஸுக்கு மாணாக்கர் கட்டணம் கட்டுகிறார். ஐந்தாறு ஆண்டு இழுக்கும் பிஎச்டிக்குப் பல்கலைக்கழகம் மாணாக்கருக்குக் கட்டுகிறது. இது தலைகீழாக அன்றோ இருக்கிறது எனின், அன்று. எம்எஸ் மாணாக்கர் வாடிக்கையாளர். பிஎச்டி மாணாக்கர் ஊழியர். இந்த வேற்றுமையை நான்காம் ஆண்டில் ஒரே ஒருவர் விளக்கியிருந்தால் பிழைத்திருக்கும் வீட்டுமனைகள் நம் மாவட்டங்களில் நிறைய.

ஊதியரைக் காக்கும் விதியும் ஒன்று உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் வகுத்து, பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்கள் ஒப்பமிட்ட தீர்மானத்தின்படி, நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணாக்கரை நெருக்கக் கூடாது. நெருக்கினால் இந்தத் தீர்மானத்தைப் பணிவோடு சுட்டலாம். நிதியில்லா அழைப்புக்கு இக்காப்பு இல்லை.

தந்தைகையர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிஎஃப், கிராஜுவிட்டி, தங்கை கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நகை. மேலே போவோம்.

பத்திர இயல்

கடனரே பெருந்தொகையினர் ஆதலின் அவர்க்குத் தனி இயல் வேண்டிற்று.

கல்விக் கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை பொதுத்துறை வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. அமெரிக்கச் செலவு அந்த எல்லையை முதல் செமஸ்டரிலேயே மிதித்துத் தாண்டும். வங்கி வைத்திருக்கும் பட்டியலில் உள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. அங்கே இடம் கிடைப்போர் எல்லோரும் அல்லர். தனியார் நிதி நிறுவனங்கள் ஈடில்லாமலும் தரும், வட்டியில் அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே மற்றவர் பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்க வேண்டியதாகிறது.

பத்திரம் பலவகைத்து: கிரயப்பத்திரம், அதற்கு முந்திய தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, மனை வரைபட அனுமதி, வாரிசுச் சான்று. இவற்றுள் ஒன்று எப்போதும் இராது. விளைநிலத்தை வங்கி பெரும்பாலும் ஏற்காது. ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர், ஊரில் அரை கிரவுண்ட் ஓட்டு வீடு வைத்திருக்கும் மைத்துனரைத் தேடிப் போகிறார்.

அந்த வீடும் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா உயில் எழுதாமல் போயிருப்பார். தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. 2005இல் அது நாடு முழுமைக்கும் ஆயிற்று. வீட்டில் யாரும் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. வங்கி வக்கீல் படித்திருக்கிறார். ஆக, மருமகன் டெக்சாஸில் தரவு அறிவியல் பயில வேண்டுமானால் தஞ்சாவூரில் மூன்று அத்தைமாரும் கையெழுத்திட வேண்டும். பெரிய அத்தைக்கும் அண்ணனுக்கும் ஒரு வளைகாப்பிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்பதை வீட்டு ஆண்கள் வாய்திறந்து ஒப்புக்கொள்ளும் முதல் நாள் பல குடும்பங்களில் இதுதான் என்பது இந்நூலாசிரியர் துணிபு. கையெழுத்து வாங்கும் அன்றே அதை மறந்துவிடுவதும் உண்டு.

இக்கடன் படிக்கும் காலத்திலும், முடித்தபின் ஆறு மாதமோ ஓராண்டோ, தவணை கேளாது. வட்டி மட்டும் அப்போதும் நடந்துகொண்டிருக்கும். பழைய வரிமுறையில் இருப்போர்க்கு வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு.

ஓலை இயல்

நோக்க அறிக்கை எனப்படும் எஸ்ஓபி, தோற்றுவாயால் வகைப்படும். முதலாவது பொம்மை பிரித்தது: ஏழு வயதில் அப்பாவின் ரேடியோவைக் கழற்றிப் பார்த்தபோதே எலெக்ட்ரானிக்ஸ் என்னை ஆட்கொண்டது என்பது. 2003க்குப் பின் பிறந்தவர் வீட்டில் கழற்ற ரேடியோ ஏது என்று சேர்க்கைக் குழு கேட்பதில்லை. வேறு ஐம்பது பேரும் கழற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது, அப்துல் கலாம் பொன்மொழியில் தொடங்குவது. மூன்றாவது ஏஐ எழுதியது. குற்றமே இல்லாமல் இருக்கும், ஆளும் இருக்கமாட்டார். நான்காவது, எந்தச் சிக்கலைத் தீர்க்க விரும்புகிறேன், இதுவரை என்ன செய்தேன், அதற்கு இந்தத் துறை ஏன் என்று நேரே சொல்வது. இது அருகியே வழங்கும்.

தன்னைத் தானே புகழ்வது தகுமோ எனின், தகும் இடங்கள் நான்கு என நன்னூல் வகுத்திருக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும் தன் ஆற்றல் அறியாதவரிடத்தும் புகழ்ந்துகொள்ளலாம் என்பன அவற்றுள் இரண்டு. பல்கலைக்கழக விண்ணப்பம் இரண்டிலும் அடங்கும். பவணந்தியார் காணாத ஐந்தாம் இடம் ஒன்று பின்னாளில் தோன்றிற்று. அது பரிந்துரைக் கடிதம். "நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்கிறார் துறைத்தலைவர். மாணாக்கர் வீட்டுக்குப் போய், என் இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் இவனைப் போல் ஒருவனைக் கண்டதில்லை என்று தன்னைப் பற்றித் தானே எழுதுகிறார். மூன்று பேராசிரியர்க்கு மூன்று கடிதம், மூன்று நடை வேண்டும். சிறுகதை எழுத வருமா என்று சோதிக்க இதைவிட நல்ல தேர்வு இல்லை.

முன்பின் அறியாப் பேராசிரியர்க்கு நேரே எழுதும் ஓலைக்கு இலக்கியம் நம் ஊரிலேயே உண்டு. 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதினார். தாம் யார், ஆண்டுச் சம்பளம் 20 பவுன், பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்று சொல்லிவிட்டுத் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். பொம்மையும் இல்லை, பொன்மொழியும் இல்லை. ராமானுஜன் அதற்கு முன் எழுதிப்பார்த்த கேம்பிரிட்ஜ் கணிதர்களிடமிருந்து உதவி வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதில் வராத மின்னஞ்சலுக்காக நொந்துபோகிறவர்களுக்கு அது உதவும். மறு ஆண்டு மார்ச்சில் அவர் கப்பலேறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. நம் பகுப்பின்படி அவர் கொடையர்.

பெயர் இயல்

சாத்தன் மகன் கொற்றன், பள்ளியில் சா. கொற்றன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, குடும்பப்பெயர் சாத்தன் ஆகிறது. அமெரிக்க வகுப்பில் ஆசிரியர் மிஸ்டர் சாத்தன் என்கிறார். ஆய்வுக்கட்டுரை அச்சானால் அதைச் சாத்தன் முதலியோர் என்று உலகம் மேற்கோள் காட்டுகிறது. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சாத்தனுக்குத் தாம் நரம்பியல் வலைப்பின்னல் பற்றி எழுதியது தெரியாது. ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர் நிலை இதனினும் அரிது: விசாவில் அப்பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று விழும், முதற்பெயர் தெரியவில்லை என்னும் பொருளில். வங்கி அட்டையும் ஓட்டுநர் உரிமமும் அவரை எஃப்என்யூ என்றே விளிக்கும். பாஸ்போர்ட்டைத் திருத்துவது விண்ணப்பிக்கும் முன் எளிது, பின் கடினம்.

சாளர இயல்

விசா நேர்காணல், சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிச் சாளரத்துக்கு முன் நிகழ்வது. விசாக் கட்டணம் 185 டாலர், செவிஸ் கட்டணம் 350 டாலர், விமான நிலையப் பக்கம் விசா கணபதிக்குச் சிதறுகாய் தனி. 2025 ஜூன் முதல் சமூக ஊடகக் கணக்குகளையும் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

குடியேற வந்தவர் என்றே ஒவ்வொருவரையும் கருது, அல்லர் என்று அவரே மெய்ப்பிக்கட்டும் என்கிறது அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. அதற்காகவே கோப்பு தடிக்கிறது: பத்திர நகல், தணிக்கையாளர் தந்த சொத்து மதிப்பு, அப்பாவின் சம்பளச் சீட்டு. அதிகாரி சில நிமிடம் பேசுகிறார், பெரும்பாலும் கோப்பைத் திறக்கச் சொல்வதில்லை. மூன்று அத்தைமார் கையெழுத்தும் மூடியபடியே வீடு திரும்பும்.

மூட்டை இயல்

விமானத்தில் ஏற்றும் பெட்டி பொதுவாக இரண்டு, ஒன்றுக்கு 23 கிலோ. இதற்குள் என்ன போகும் என்பதில் அம்மாவுக்கும் அமெரிக்கச் சுங்கத்துக்கும் கருத்து வேறுபாடு உண்டு. காப்ரா வண்டு பரவிய நாடு இந்தியா ஆதலால் பயணியர் பெட்டியில் அரிசி கூடாது. பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி அது, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். இறைச்சி கூடாது, ஆகவே செட்டிநாட்டு உப்புக்கண்டம் விமான நிலையத்தோடு நின்றுவிடும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், குக்கர், குக்கருக்கு உபரி கேஸ்கட் எல்லாம் போகும். மிக்ஸி போகும், ஓடாது: நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. அங்கு ஓடும் 110 வோல்ட் மிக்ஸி சென்னையிலேயே விற்கிறது. அது பெட்டியில் நான்கைந்து கிலோவைத் தின்றுவிடும், புத்தகங்கள் வெளியே வரும். மேற்படிப்புக்குப் போகிறவர் பெட்டியிலிருந்து முதலில் இறங்குவது புத்தகமே.

குடிபுகல் இயல்

வகுப்பு தொடங்கும் நாளுக்கு முப்பது நாள் முன்னதாகத்தான் எஃப்-1 விசாவில் நுழையலாம். தமிழ்ச் சங்கத்தாரோ இந்திய மாணவர் அமைப்போ விமான நிலையத்தில் அழைத்துக்கொள்வதும், முதல் சில நாள் யாருடைய கூடத்திலாவது படுக்கவிடுவதும் நெடுநாள் வழக்கு. பிறகு நாலு பேர் சேர்ந்து இரண்டறை வீடு; வாடகை மலிவாக வேண்டுவோர் ஹால் ஷேரிங். பல பல்கலைக்கழகங்கள் காசநோய்ச் சோதனை கேட்கும். குழந்தையில் பிசிஜி போட்டவருக்குத் தோல் சோதனை இல்லாத நோயைக் காட்டக்கூடும். இரத்தச் சோதனை கேட்டுப் பெறுக.

இடம் பெறுதல் என்ற தலைப்பின்கீழ் ஒரு செய்தியை விட்டுவிட முடியாது. நியூயார்க்கில் விடுதியில் தங்கிப் படித்த அம்பேத்கர், ஒப்பந்தப்படி 1917இல் பரோடாவுக்குப் பணிபுரியச் சென்றபோது, அந்த நகரத்தில் அவருக்கு வாடகைக்கு இடம் தர ஆளில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. பின்னாளில் இதையெல்லாம் அவர் எழுதிய சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். கொலம்பியாவில் அது பாடமாக இருந்திருக்கிறது.

புறனடை

மேற்கூறியவற்றுள் சில அடுத்த ஆண்டு மாறியிருக்கும். பெரும்பாலான பிஎச்டி விண்ணப்பங்களுக்கு டிசம்பரே கடைசி. டிசம்பர் 15 இரவு 11.59 என்று அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் போட்டிருந்தால் நம் கடிகாரத்தில் அது டிசம்பர் 16 காலை 10.29. ஆனால் அந்தப் பத்தரை மணி நேரத்தை நம்பவேண்டாம். துறைத்தலைவருக்கு அன்று செமஸ்டர் தேர்வு மேற்பார்வை இருக்கும். கடிதத்தைத் தீபாவளிக்கு முன்பே வாங்கிவிடுங்கள், அத்தைகளையும் அப்போதே பார்த்துவிட்டு வாருங்கள்.