கரையோர லேண்ட்ரோவரியல்: புகைவழி ஓர் அறிமுகம்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை பழைய டீசல் லேண்ட்ரோவர் வைத்திருப்போர் இரு மரபினர் என்பது இவ்வாய்வின் துணிபு. கரை மரபினர், 1961இல் வந்த 2.25 லீட்டர் எஞ்சினைக் கழற்றினால் வாகனம் மௌத்தாகிவிடும் என்பர். வட்டை மரபினரோ, பெரும்போகத்தில் உர மூட்டையோடு சேற்றில் இறங்குகிறவனுக்கு 62 குதிரைவலு எந்த மூலைக்கு என்று கேட்டு, மிட்சுபிஷி ஜீப்பின் ஃபோர் டீ ஆர் ஃபைவ் எஞ்சினைத் தூக்கி வைப்பர். பொடி இங்கிலாந்து, எஞ்சின் ஜப்பான், டயர் தவணைக் காசு. இதை எந்தப் பெயரால் அழைப்பது என்ற விவாதம் தேத்தண்ணிக் கடைகளில் நடந்துகொண்டே இருக்கிறது.

இவ்விரு மரபிலும் சேராத ஒருவன் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய இரும்புக்கு வந்த மவுசில் ஆசைப்பட்டு வாங்கிய புதுமுகம். அவன் பொருட்டே இந்நூல்.

ஆய்வாளனின் முதன்மைச் சான்று புகை. கருமை கண்டால் எயார் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது நொசில் டீசலைத் தூவாமல் ஊற்றும். நீலம், ஒயில் எரிவதன் குறி. நீலம் பற்றிக் கராஜில் எவரும் சத்தமாகப் பேசுவதில்லை, செலவு அப்படி. காலை வெண்புகை பெரும்பாலும் ஹீட்டர் பிளக்கின் வேலை. பழைய எஞ்சினில் நான்கு பிளக்கும் ஒரே கம்பியில் தொடராக இருப்பதால் ஒன்று செத்தால் நான்கும் வேலைநிறுத்தம். கல்முனை வெயிலில் பிளக் எதற்கு என்பது புதுமுகத்தின் நியாயமான கேள்விதான். ஆனால் இந்த எஞ்சினுக்கு வெயில் தெரியாது.

அடுத்தது எயார். 2022இல் டீசல் வரிசையிலேயே தாங்கி வற்றியவர்கள் இதை நன்கறிவர். அன்று கியூஆர் காட்டி டீசல் அடித்தும் வண்டி உயிர்க்கவில்லை; குழாயில் காற்று புகுந்துவிட்டது. ஃபில்டரின் திருகாணியைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்போது இறுக்க வேண்டும். பின் இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அப்படியே. இதற்குள் ஒருவர் வந்து, “காக்கா, ஒருக்கா தள்ளிப் பாப்பமா?” என்பார். தள்ளினால் தள்ளுகிறவருக்குத்தான் எயார் போகும். ஆனாலும் மறுக்கக் கூடாது. நாளை அவரிடமே பதின்மூன்று நம்பர் சாவி கேட்க வேண்டிவரும்.

உப்பு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாட்டினால் 1948இல் அலுமினியக் கலவையில் பொடி செய்தனர், செசியோ உருக்கு. இரண்டும் தொடும் இடத்தில் கடற்காற்றின் ஈரம் இறங்கினால் அலுமினியம் வெண்பொடியாகும். செசி உள்ளிருந்து துருவேறும். புதுமுகம் பொடியைத் தட்டி, “துருவே இல்ல” என்று மகிழ்வான், குனிந்து பார்க்கமாட்டான். அடிப்பகுதியை நல்ல தண்ணியில் அடிக்கடி கழுவி, செசிக்குள் பழைய ஒயில் விடுவதே மருந்து. கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு மணலில் நிறுத்திப் படம் எடுப்போர் அன்றிரவே கழுவுக.

இரு மரபும் சமரசமாகும் நாள் ஒன்றுண்டு. வருமானப் பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு முந்திய பின்னேரம் கரையும் வட்டையும் ஒரே கராஜில், ஆளுக்கொரு புது எயார் ஃபில்டரோடு வரிசையில் நிற்கக் காணலாம்.