நிழல் தேடும் தம்பதியர்: கண்ணமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொளுத்தும் வெயிலில் கணவனும் மனைவியும் வண்டி கட்டிப் போய், மரத்தடியில் தங்கி, மலையேறி, சைக்கிளும் மிதித்து, பேச்சுவார்த்தை முறியாமல் வீடு திரும்ப முடியுமா? இந்தக் கேள்விக்குத் தமிழாய்வுலகம் உரிய இடம் தரவில்லை. சங்கப் புலவர்கள் தொட்டார்கள். உடன்போக்கு வேறென்ன? பாலைக்கு உரிய பொழுது வேனிலும் நண்பகலும். அந்த நேரம் பார்த்துத்தான் தலைவனும் தலைவியும் காட்டைக் கடக்கிறார்கள். செவிலித்தாய் எதிரே வருவோரையெல்லாம் விசாரித்தபடி பின்னால் வருகிறாள். (அவள் வேலையை இப்போது செல்போன் பார்த்துக்கொள்கிறது: "எங்க கீறீங்க? சாப்ட்டீங்களா?") ஆனால் தண்ணீரை யார் சுமந்தது, நிழலை யார் பார்த்தது என்ற இரண்டையும் உரையாசிரியர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதை நானும் விட்டுவிடுகிறேன். சுமந்தது யார் என்பதில் ஐயமே இல்லை. இரண்டாவதே இந்தக் கட்டுரை.

ஆய்வுக்களம் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஆரணிப் பக்கம் வழி பிரிகிற ஊர். மேற்கே ஜவ்வாது மலை. தெற்கே சந்தவாசல் போய்த் திரும்பினால் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படவேடு. ஆடி வெள்ளிகளில் அங்கே ரேணுகாம்பாளைப் பார்க்க வருகிற குடும்பங்கள் பாயும் பாத்திரமும் கோழியுமாக வந்து இறங்கி, தோப்பில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்து, வேப்பஞ்சேலை கட்டி வேண்டுதல் தீர்த்து, மடியில் திருநீற்றோடு புறப்படுவார்கள்.

முதலில் வண்டி. அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தில் ஏற்றி ஓட்டுகிறார்கள். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே வகுத்தது. நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டுக்கொண்டு உட்காரும் வண்டி. மற்றவர்களுக்குக் குட்டி யானை. 2005-ல் டாடா இதை விற்க ஆரம்பித்தபோது சரக்கு ஏற்றத்தான் நினைத்திருப்பார்கள். சட்டமும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறது. ஆடி மாதம் வேறு மாதிரி நினைக்கிறது. பின்தட்டில் வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம், தலைக்கு மேல் தார்ப்பாய், பக்கவாட்டில் கயிற்றில் கட்டிய சைக்கிள். அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்றுக்குத் தார்ப்பாய் எம்மாத்திரம் என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் யார் என்பதில் ஒரு சிக்கல். ஆடியில் புதுமணத் தம்பதிகள் கிடைக்கமாட்டார்கள். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். பாலையின் உரிப்பொருள் பிரிவு என்று இலக்கணம் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் மாதம் வேறில்லை. ஆகவே கிடைப்பவர்கள் தலை ஆடியைத் தாண்டியவர்கள், சண்டை கைவந்தவர்கள். நான் கவனித்தவர்கள் ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பம். அவர் குழித்தறியில் காலை விட்டு நாளெல்லாம் மிதிப்பவர். அந்தம்மா தார் சுற்றுபவர். கூரைக்குக் கீழேயே வாழ்கிறவர்கள். வெயிலை முறையாக ஆராய இதைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

காலையில் படவேட்டுக் கோட்டைமலை வேணுகோபாலசாமி கோயில். அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏறினார்கள், மூச்சு வாங்கியது, கீழே வாழைத்தோட்டங்களைப் பார்த்தார்கள், இறங்கினார்கள். அறிவியல் ஆரம்பமாவது வண்டியருகே.

அவர் வண்டியை மரத்துக்கு வடக்கே நிறுத்தியிருந்தார். சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், நிழல் வடக்கேதான் விழும் என்பது மார்கழி தையில் வாசலில் உட்கார்ந்து பெற்ற அறிவு. ஆடியில் அது செல்லாது. கண்ணமங்கலம் வடக்கே 13 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் இந்த ஊரின் நேர் உச்சியைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட நாளெல்லாம் உச்சிநேர நிழல் தெற்கே, அதுவும் ஒரு முழம் இரண்டு முழம்தான் எட்டிப்பார்க்கும். உச்சிநேரமும் கடிகாரத்தில் பன்னிரண்டு அல்ல. நம் மணிக்கணக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது என்பதால் இங்கே ஆடியில் அது 12.20 வாக்கில் வருகிறது. அந்த இருபது நிமிடமும் அவர் சொன்ன ஒரே வாக்கியம்: "இப்ப நெழலு வந்துடும், இரு." அந்தம்மா சொன்னது: "அப்பவே சொன்னேன் இல்ல, அந்தாண்ட போடுங்கன்னு." அந்தாண்ட என்று கை காட்டிய திசை தெற்கு. பூகோளம் படிக்காமல் இந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று கேட்டேன். "நாய் அங்கதான படுத்துனு இருக்குது" என்றார்.

மரங்களுக்கு வருவோம். புங்கன் நிழல் குளுமையில் முதலிடம். அதனால் அங்கே ஏற்கெனவே நாலு வண்டி நிற்கும். வேம்பு பரவாயில்லை. புளி பகலுக்கு நல்லது. இருட்டியதும் பேய் பயம் வந்து இடம் மாற்றச் சொல்வார்கள். வண்டியை மாற்றுவதென்றால் அடுப்பை, கோழியை, தூங்கும் மாமியாரை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். தம்பதியரை உண்மையில் சோதிப்பது பனை. அதன் நிழலில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. ஒருவர் பின் ஒருவராக, ரயில்பெட்டி போல உட்கார வேண்டும். நிழல் நகர நகர இருவரும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். தாம்பத்தியப் பொருத்தம் பார்க்கப் பத்துப் பொருத்தத்துக்குப் பதில் இதை வைக்கலாம் என்று சிபாரிசு செய்கிறேன்.

சைக்கிள் பகுதி சுருக்கமானது. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற ரெக்சின் சீட்டின் மேல் அவர் யோசிக்காமல் உட்கார்ந்தார். எழுந்த வேகத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. அந்தம்மா ஈரத்துண்டை மடித்துச் சீட்டில் போட்டார். பிறகு கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் குடை, ஒரு கையில் தண்ணீர்க் கேன். குடை யார் தலைக்கு மேல் இருந்தது என்று கவனமாகக் குறித்துவைத்திருக்கிறேன்: மிதிப்பவர் தலைக்கு மேல். மேட்டில் இறங்கி நடந்தார்கள். அப்போது குடை கைமாறவில்லை. கேன் மட்டும் மாறியது. முதல் பத்தியில் ஐயமில்லை என்று சொன்னதற்கு இதை அடிக்குறிப்பாகக் கொள்க.

இந்த ஆய்வுக்கு எழுந்த ஒரே மறுப்பு, சந்தவாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடமிருந்து வந்தது. விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பி, பத்து மணிக்குள் கோயில், மலை, சைக்கிள் எல்லாம் முடித்துவிட்டுக் கூழ் குடித்துப் படுத்துவிட்டால் இந்த ரகளையே இல்லையே என்றார். அப்படிச் செய்கிற தம்பதிகள் இருக்கிறார்கள். பத்தரைக்குப் புங்க மரத்தடியில் பார்த்தேன். இருவரும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராததால் ஆய்விலிருந்து நீக்கிவிட்டேன்.