கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு

வாசகி, உடுமலைப்பேட்டை: இரண்டு வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். விவாகரத்து கேஸ் யாரும் போடவில்லை. அது முடிந்தால்தான் ஜீவனாம்சம் கேட்க முடியும் என்கிறார் சித்தப்பா. நிஜமா?

இல்லை. விவாகரத்துப் பேச்சே எடுக்காமல் கேட்கலாம். நூற்றி இருபத்தஞ்சு என்று கோர்ட் வாசலில் எல்லோரும் சொல்வார்களே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவுதான். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதற்கு எண் 144. கணவர் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையா? நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987ஆம் வருடச் சட்டம் சொல்கிறது.

ஆனால் அந்த இரண்டு வருடம் என்னை உறுத்துகிறது. மனுப் போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு எத்தனை வருடம் இழுத்தாலும் கணக்கு அந்தத் தேதியில் தொடங்கும். அதற்கு முந்திய மாதங்கள் இந்தப் பிரிவில் வராது. "பெரியவங்க பேசி முடிக்கட்டும்" என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கையிலிருந்து போகிற மாதம். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த வாரமே போடுங்கள்.

வாசகர், ஓசூர்: என் மனைவி எம்.எஸ்சி., பி.எட். வேலைக்குப் போனால் நல்ல சம்பளம் வாங்கலாம். நான் ஏன் தர வேண்டும்?

சம்பாதிக்க முடியும் என்பதும் சம்பாதிக்கிறார் என்பதும் வேறு வேறு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர் வேலைக்குப் போனால் அந்த வருமானத்தையும் நீதிமன்றம் பார்க்கும். அது போதுமா, உங்களோடு வாழ்ந்த வாழ்க்கைக்கு ஈடாகுமா என்றும் பார்க்கும். உங்களிடம் நான் கேட்பது ஒன்று: பி.எட். முடித்தவர் ஏன் வேலைக்குப் போகவில்லை? பிள்ளை பிறந்தபோது யார் வீட்டில் இருப்பது என்று இருவரும் சேர்ந்துதானே முடிவு செய்தீர்கள்? அந்த முடிவின் பலனை நீங்களும் அனுபவித்தீர்கள். அதன் செலவை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

வாசகர், திருச்சி: ஆண் கேட்கலாமா?

இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளில் கணவனும் கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் மனைவிக்கு மட்டுமே. நோயில் படுத்துவிட்ட கணவன் கேட்டால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வாசகி, காரைக்குடி: சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் கிடைக்குமாமே?

கட்டாயப் பங்கு என்று எதுவும் இல்லை. நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பலரும் பேசுகிறார்கள். எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதி அல்ல அது. 2001 வரைக்கும் 125ஆம் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரவே முடியாது என்று உச்சவரம்பு இருந்தது. லட்சாதிபதியின் மனைவிக்கும் அதே 500. நல்லவேளை, எடுத்துவிட்டார்கள்.

இப்போது இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கின் உயிரே அந்தப் பத்திரத்தில்தான். மளிகைக் கடை வைத்திருப்பவர் "மாசம் எட்டாயிரம்தான் மிஞ்சுது" என்று எழுதிக் கொடுப்பார். கடை வாடகை எவ்வளவு, கார் தவணை எவ்வளவு, எந்த வங்கியில் கணக்கு, போன வருடம் யார் பெயரில் மனை வாங்கினார்? இதையெல்லாம் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நினைவிருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள்.

வாசகி, சேலம்: கேஸ் போட்டதும் வேலையை விட்டுவிட்டார். இனி எதுவும் கிடைக்காதா?

கிடைக்கும். உடம்பில் தெம்புள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்போது விட்டார் என்ற தேதியே உங்களுக்குச் சாட்சி.

வாசகி, மேலப்பாளையம்: தலாக் ஆகி ஐந்து வருடம். இத்தாவோடு எல்லாம் முடிந்தது என்கிறார்கள்.

முடியவில்லை. தலாக் ஆன பெண்ணுக்கும் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஷா பானு வழக்கு 1985இல் நாட்டையே உலுக்கியது. அவருக்கு உயர் நீதிமன்றம் தரச் சொல்லியிருந்த தொகை மாதம் 179 ரூபாய் 20 காசு. மறு வருடமே தலாக் ஆன முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படியே, இத்தா என்ற காத்திருப்புக் காலத்துக்குள் மனைவியின் எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கணவன் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் தீர்ப்பானது. 125ஆம் பிரிவும் முஸ்லிம் பெண்களுக்கு உண்டு என்பதை 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. தைரியமாகப் போங்கள்.

வாசகி, விருத்தாசலம்: "வந்து குடும்பம் நடத்து" என்று அவர் போட்ட கேஸில் அவருக்கே தீர்ப்பாகிவிட்டது. போகாவிட்டால் ஜீவனாம்சம் கிடையாதா?

போகாததற்குக் காரணம் இருந்தால் கிடைக்கும். இதே கேள்வி ஜார்க்கண்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கருக்கலைந்து கிடந்தபோது கணவன் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த விடவில்லை. கேஸ் அடுப்பைத் தொட விடவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத் திரும்பவில்லை என்பதற்காக ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உங்கள் காரணங்களைத் தேதி வாரியாகச் சொல்லுங்கள்.

வாசகி, மதுரை: மாதம் ஆறாயிரம் தர உத்தரவாகி ஒன்றரை வருடம். இரண்டு மாதம் கொடுத்தார், பிறகு இல்லை. நிறைவேற்று மனுப் போட்டால் கோபம் அதிகமாகும் என்று பொறுத்திருக்கிறேன்.

பொறுத்தது போதும் அம்மா. பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் இந்தச் சட்டப்படி அந்த மாதத்துப் பாக்கியை வசூலிக்க முடியும். உங்கள் பழைய மாதங்கள் இப்போதே ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருக்கின்றன. மனுவில் பிடிவாரண்ட் வரும், ஜப்தி வரும், கொடுக்காத மாதத்துக்கு ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீர்ந்துவிடாது. 1989லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் மாதச் சம்பளக்காரர் என்றால், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் முதலாளியே நேராக உங்களுக்குக் கட்டும்படி உத்தரவு கேட்கலாம். உத்தரவு போட்ட நீதிமன்றமே அதை வசூலித்தும் தர வேண்டும் என்பது என் ஆதங்கம். ஜெயித்தவள் மறுபடி படியேற வேண்டியிருப்பது கொடுமை.

வாசகி, தஞ்சாவூர்: பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறோம். மொத்தமாக ஒரு தொகை தருகிறார்களாம்; பதிலுக்கு நகையையும் பிள்ளைச் செலவையும் கேட்கக் கூடாதாம்.

நகை சீதனம். அது உங்கள் சொந்தச் சொத்து என்று 1985இலேயே தீர்ப்பாகிவிட்டது. அவர்கள் திருப்பித் தர வேண்டியதைத் தொகையோடு சேர்த்து எண்ண விடாதீர்கள். பிள்ளையின் செலவு பிள்ளையின் உரிமை. அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட உங்களுக்கே அதிகாரம் இல்லை. மூன்றையும் தனித்தனி வரியாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கடைசித் தவணையை, இரண்டாம் முறை நீதிபதி முன் நின்று சம்மதம் சொல்லும் அன்று டி.டி.யாக வாங்கிக்கொண்டு பேசுங்கள்.