கார் இருக்கிறது, புக் இல்லை

இந்தியாவில் ஒரு காருக்குச் சொந்தக்காரர் யார் என்று சட்டத்தைக் கேட்டால் அது இரண்டு பதில் சொல்லும். சங்கடம் என்னவென்றால் இரண்டுமே சரி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்துக்குக் காரும் தையல் மிஷினும் பித்தளை அண்டாவும் ஒரே ஜாதி, அசையும் பொருள்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் மனமொத்துப் பேசி, பணமும் சாவியும் கைமாறிவிட்டால் பொருள் வாங்கியவருடையது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கதையெல்லாம் கேட்காது. மைனர், தவணைக் கடன் போன்ற சில விலக்குகளைத் தவிர, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அதன் 2ஆம் பிரிவு முடித்துக்கொள்கிறது. ஆகவே ஒருவர் காசு கொடுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுவி, மழை வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடும் கார், சட்டப்படி இன்னொருவருடையதாக இருக்கலாம். அந்த இன்னொருவர் காரை மறந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். சில சமயம் அவருக்கே இருபதாவது திவசம் நடந்து முடிந்திருக்கும்.

பிரிட்டிஷ்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் உஷார். அங்கே வாகனத்துக்குக் கொடுக்கும் வி5சி என்ற பதிவுச் சான்றிலேயே, இது உரிமைக்கான அத்தாட்சி அல்ல என்று அச்சடித்துவிடுகிறார்கள். வண்டியை வைத்திருப்பவர், வரிக்கும் அபராதத்துக்கும் யாரைத் தேட வேண்டுமோ அவர், அவ்வளவுதான் அதில் இருக்கும். நம் ஊரில் ஆர்.சி. புக் அத்தகைய அடக்கமெல்லாம் காட்டுவதில்லை. அது எப்போதோ பிளாஸ்டிக் அட்டையாக மாறிவிட்டது; ஆனாலும் ஜனங்கள் அதைப் புக் என்றேதான் சொல்கிறார்கள், அந்த மரியாதை அதற்குத் தகும். புக் இல்லாத பழைய கார் ஒன்று கண்ணில் பட்டதும் ஆர்.டி.ஓ. ஆபீஸைத் திட்டுவது நம் வழக்கம். என் கட்சி வேறு. அந்தக் காரை அனாதை ஆக்கியவர்கள் அதை வரிசையாக விற்றவர்களும் வாங்கியவர்களுமே. ஆபீஸ் கேட்கும் கேள்வி நியாயமானது. எனவே அந்தக் காருக்குச் சொல்லப்படும் மலிவு விலை மலிவு இல்லை, அதன் சரியான விலைக்கும் மேலே.

ஒரு காரை அனாதையாக்குவது எப்படி என்று பார்ப்போம். ஃபார்ம் 29 என்பது விற்றுவிட்டேன் என்று விற்றவர் தெரிவிக்கும் தாள். ஃபார்ம் 30 என்பது பெயரை மாற்றிக்கொடுங்கள் என்று கேட்கும் தாள். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்குத் தெரிவிக்க விற்றவருக்கு 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள் என்று 50ஆம் பிரிவு தவணை தருகிறது. காருக்கான பெயர்மாற்றக் கட்டணம், பதிவுக் கட்டணத்தில் பாதி, ₹300. சேவைக் கட்டணம் தனி. காருக்கு நான்கு சீட் கவர் வாங்கும் காசில் பல தலைமுறைக்குப் பெயர் மாற்றலாம். ஆனால் நடப்பது வேறு. விற்பவர் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, தேதியையும் வாங்குபவர் பெயரையும் காலியாக விட்டுக் கொடுக்கிறார். இதைக் கொடுக்காவிட்டால் புரோக்கர் அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார். வாங்கியவர் அதை நிரப்புவதில்லை, ஏனென்றால் அவர் பெயர் ஏறினால் கார் ‘செகண்ட் ஓனர்’ ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து விற்கும்போது விலை இறங்கும். அவரிடம் வாங்கியவருக்கும் அதே கணக்கு. காலி ஃபார்ம் கைக்குக் கை போகிறது. ஏழு வீட்டு வாசலில் நின்ற கார், புக்கில் மட்டும் இன்னும் கன்னி கழியாமல் ‘சிங்கிள் ஓனர்’ என்று விளம்பரத்துக்கு வருகிறது.

இந்தச் சாமர்த்தியம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கு ஒன்று போதும். ஒரு காரின் பதிவு உரிமையாளர் அதை 2007இல் விற்றார். வாங்கியவர் 2008இல் விற்றார். பிறகு இன்னும் சில கைகள். யாரும் பெயரை மாற்றவில்லை. 2009இல் அந்தக் கார் விபத்தில் சிக்கி ஓர் உயிர் போனது. இழப்பீடு யார் தருவது? நான் விற்றுவிட்டேன் என்று ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் இருந்தவரைக் கைகாட்டினார்கள். பலியானவரின் குடும்பம் கைமாறிய கதையெல்லாம் துரத்திக்கொண்டு போக முடியாது, புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது 2007இலேயே பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு காரைக் கண்ணால்கூடப் பார்க்காத முதல் ஆள். பழைய கார் கடைக்காரர்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து அங்கீகாரம், விற்பனைக்கு வந்த வண்டியை அவர்கள் முறைப்படி தெரிவிப்பது, தெரிவித்ததும் அவர்களையே உரிமையாளராகக் கருதுவது என்று விதிகள் வந்ததற்கு இந்தச் சங்கிலிதான் காரணம். தெருமுனைப் புரோக்கர் எப்போது அங்கீகாரம் வாங்குவார் என்பதை நான் இங்கே ஆராயப்போவதில்லை.

காலி ஃபார்முக்குக் காலம் என்ற எதிரி உண்டு. கையெழுத்துப் போட்டவர் ஒருநாள் இறந்துபோகிறார். அப்போது 29, 30 இரண்டும் வெறும் காகிதம். இனி ஃபார்ம் 31. வாரிசு 30 நாளுக்குள் இறப்பைத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். அந்த மூன்று மாதம் கரும காரியத்திலும் பேங்க் பாஸ்புக்கிலும் போய்விடுகிறது. கொட்டகையில் நிற்கும் அம்பாசடர் யார் நினைவுக்கும் வருவதில்லை. முப்பது வருஷம் கழித்து அதை விற்கும்போது தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். நிலத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பிகள், அப்பாவின் காருக்காகச் சேர்ந்து கையெழுத்துப் போட வரப்போவதில்லை. இன்னொரு முட்டுச்சந்து, ஹெச்.பி. என்கிற தவணைக் கடன் பதிவு. எப்போதோ கட்டி முடித்த கடன் புக்கில் அப்படியே நிற்கும். அதை நீக்க ஃபார்ம் 35இல் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்து வேண்டும். அந்த ஃபைனான்ஸ் கம்பெனி இருந்த மாடியில் இப்போது பிரியாணிக் கடை. கடன் தீர்ந்தது, கடன் கொடுத்தவரும் தீர்ந்தார், அடமானம் மட்டும் சிரஞ்சீவி.

சரி, புக்தான் தொலைந்தது, போலீஸில் காணவில்லை என்று சான்று வாங்கி ஃபார்ம் 26 கொடுத்து டூப்ளிகேட் வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் பதிவு உரிமையாளர். வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் அந்தக் காரைப் பற்றி அக்கறை காட்டும் ஒரு பொதுஜனம். அவர் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய விற்பனை ஒப்பந்தம், சாட்சிக் கையெழுத்தோடு, நோட்டரி முத்திரையோடு எவ்வளவு அழகாக இருந்தாலும், அது விற்றவருக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். நிலம் வாங்கும்போது முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரம் கேட்டு, வக்கீலிடம் ஒப்பீனியனும் வாங்குகிற அதே மனிதர், காருக்கு மட்டும் டயரை உதைத்துப் பார்ப்பதோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார் என்பது எனக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று.

இங்கே வழக்கமாக ஒரு ஆட்சேபம் எழும். கார் கண்ணெதிரே நிற்கிறது, சேஸ் நம்பர் தெரிகிறது, எஞ்சின் நம்பர் தெரிகிறது. பென்சில் பிரிண்ட் எடுத்துப் பார்த்துப் பதிவு செய்து தர அதிகாரிக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் என்னவென்றால், திருடிக்கொண்டு வந்தவரும் இதே வாதத்தை இதே குரலில்தான் சொல்வார். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றவருக்கு விற்க முடியாது என்பது அதே 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் இருக்கும் அடிப்படை. அதற்குச் சில விலக்குகள் உண்டு, திருட்டு அதில் சேராது. நம்பர் அடித்த தகடு பல பழைய கார்களில் ரிவெட் வைத்துப் பொருத்தியது, கழற்றத் தெரிந்தவருக்கு மாட்டவும் தெரியும். சரிபார்க்கலாம் என்றால் எதை வைத்து? 1989 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, டி.என். 01 பாணி எண்கள் வருவதற்கு முன்பு மூன்றெழுத்தும் நான்கிலக்கமும்தான். அதிலும் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் எண் என்றால் மதராஸ் மாநிலம் என்ற பெயர் இருந்த காலத்துப் பதிவு. அவற்றின் விவரம் கையால் எழுதிய ரிஜிஸ்டரில் கிடக்கும். கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினால் அப்படி ஒரு வண்டியே இல்லை என்று வரும். ‘பேக்லாக் என்ட்ரி’ போட வேண்டும். போட வேண்டுமென்றால் மூல ரிஜிஸ்டரைக் கண்டுபிடிக்க வேண்டும். கரையானுக்கு ரிஜிஸ்டருக்கும் வாரப் பத்திரிகைக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் புதுக் காராகவே பாவித்து முதலிலிருந்து பதிவு செய்யலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கற்பனை வளம் உள்ளவர்கள். புதுப் பதிவுக்கு டீலர் தரும் விற்பனைச் சான்றான ஃபார்ம் 21 வேண்டும், தயாரித்த கம்பெனி தரும் தகுதிச் சான்றான ஃபார்ம் 22 வேண்டும். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இதைக் கேட்டு வண்டலூருக்குப் போனால் கையெழுத்துப் போட ஆள் இல்லை, அந்தத் தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. பிரீமியர் பத்மினி நின்றுவிட்டது. அம்பாசடரும் உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு சரி. வெளிநாட்டில் இவ்வளவு கெடுபிடி இல்லை என்று சொல்பவர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைக் காட்டுவார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு உரிமைப் பத்திரமே கேட்காமல், வேறு மாநிலத்தில் இருப்பவருக்கும் தபாலிலேயே பதிவு செய்துகொடுத்த புண்ணிய பூமி அது. நாடு முழுக்க இருந்த புக் இல்லாத கார்கள் அந்தத் தபால் பெட்டிக்குப் படையெடுத்தன. 2023இல் அவர்களும் கதவை இறுக்கிவிட்டார்கள்.

படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் வின்டேஜ் விதி. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது: ஐம்பது வருஷத்துக்கு மேலாகி, பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு, புதுப் பதிவுக்கு ₹20,000, பத்து வருஷம் செல்லுபடி, நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. விண்ணப்பத்தோடு என்ன இணைக்க வேண்டும் என்று படித்துக்கொண்டே போனால் இன்ஷூரன்ஸ், இறக்குமதி என்றால் சுங்கத் தாள், இந்தியாவில் முன்பே பதிவானது என்றால் பழைய ஆர்.சி. மறுபடியும் அதே வாசல். புக் இருப்பவருக்கு அலங்காரமாக இன்னொரு புக் தருகிறது அந்த விதி. இல்லாதவரைப் பற்றி அதற்குத் தனியாக ஒரு கருத்தும் இல்லை. பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்குத்தான் ரோட்டில் ஏறலாம். சம்பந்தி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது ஆராய்ச்சியில் அடங்காது.

கார் இல்லாத புக் ஒன்றை வாங்கி, புக் இல்லாத காரோடு சேர்த்துவைத்தால் என்ன என்று காதோடு யோசனை சொல்பவர்களும் உண்டு. தகட்டை மாற்றி நம்பரைத் திருத்துவதற்குச் சட்டத்தில் வேறு பெயர், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் எடுத்துப் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான். இதற்கு மேல் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கடைசியாக, மறுக்க முடியாத ஒரு வாதம் இருக்கிறது: நான் ஓட்டவே போவதில்லை, போர்ட்டிகோவில் நிறுத்தி அழகு பார்க்கப்போகிறேன். பதிவு வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்வது ஓட்டுவதற்கு. சொந்த வீட்டுக்குள் கார் நிற்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. ஓட்டினால்தான் ₹5,000 வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் ஜெயில்கூட உண்டு. எனவே கார் திருட்டு வண்டி இல்லை என்று விசாரித்துத் தெளிந்த பிறகு இந்த ரசிகரைத் தடுக்க என்னிடம் காரணம் கிடையாது. அவர் விலையை மட்டும் சரியாகப் போட வேண்டும். ஓடுகிற காரின் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பது தவறு. இரண்டு கதவு, ஒரு கியர் பாக்ஸ், முன்பக்கக் கிரில், நல்ல நிலையில் இருந்தால் ஸ்டியரிங், மீதி இரும்பு எடைக்கு, இப்படித்தான் கூட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டதும் விற்பவருக்குக் கோபம் வரும், இது எங்கள் தாத்தா ஓட்டிய கார் என்பார். கோபம் நல்ல அறிகுறி. ஒரு மாதம் டைம் கொடுத்து, தாத்தாவின் டிரங்குப் பெட்டியையும் பரண் மேலிருக்கும் எல்.ஐ.சி. பைலையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாம்.