சுடாமல் ஜெயிப்பது எப்படி?

என்னைச் சோம்பேறி என்று சொல்பவர்களுக்குப் பழைய வீடியோ கேம்களின் வரலாறு தெரியாது. காசு போட்டு ஆடும் அந்தப் பெட்டிகளில் சுடுவதற்கென்றே ஒரு பட்டன் இருந்தது. கில்லாடிகளோ பல நேரம் அதைத் தொடாமலே காரியம் சாதித்தார்கள்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகவாசிகள் அணிவகுத்து இறங்கி வருவார்கள். ஆள் குறையக் குறைய வேகம் கூடும். (நம்மை மிரட்டப் போட்ட திட்டமில்லை அது, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் பிராசஸருக்கு வேலைப்பளு குறைந்தது, அவ்வளவுதான்.) சாதாரண ஆள் பதறிப்போய்ச் சுட்டுத் தள்ளுவான். ‘நகோயா தாக்குதல்’ தெரிந்தவனோ கடைசிப் படிவரை வரட்டும் என்று விடுவான். அவ்வளவு கீழே வந்துவிட்டவர்களின் குண்டு நம் பீரங்கியைத் தாண்டித்தான் புறப்படும், நம்மேல் படாது. மூக்குக்கு முன்னால் நிற்கும் எதிரிதான் இருப்பதிலேயே சாது! இன்னும் ஒரு படி இறங்கிவிட்டால் மட்டும் ஆட்டம் அம்பேல்.

அடாரியின் ஆஸ்டிராய்ட்ஸில் (1979) பாறைகளை உடைக்க வேண்டும். விவரமானவர்கள் ஒரு பாறையை மிச்சம் வைத்துவிட்டு ஓரமாகப் பதுங்கி, வரும் சின்னப் பறக்கும் தட்டுகளை மட்டும் அடித்தார்கள். தட்டுக்கு 1,000 புள்ளி. ஒரே நாணயத்தில் மணிக்கணக்காக நின்றார்கள். கல்லாவைப் பார்த்துக் கடைக்காரர்கள் நொந்திருப்பார்கள். அடுத்து வந்த டீலக்ஸ் பதிப்பில் அந்த வழியை அடைத்தார்கள்.

எனக்கென்றே செய்ததுபோல் இருப்பது 1981இல் நாம்கோ வெளியிட்ட கலாகா. முதல் கட்டத்தில் இடப்பக்கத்துத் தேனீக்கள் இரண்டை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் ஒழிக்க வேண்டும். பிறகு சுடவே கூடாது; கால் மணி நேரம்போல விலகி விலகித் தப்பிக்க வேண்டும். நிரலில் உள்ள கோளாறால் அவை குண்டு போடுவதை நிறுத்திவிடும். அப்புறம் அவற்றைக் கொன்றால், அந்த ஆட்டம் முடியும்வரை வரும் அத்தனையும் வாயில்லாப் பூச்சிகள்! தலைமேல் வந்து விழுந்தால்தான் உண்டு.

கம்ப்யூட்டரில் இதை அரங்கேற்றியபோது பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “சுடுங்கப்பா!” என்றான். பொறு என்றேன். “பட்டன் வேலை செய்யலையா?” பொறுடா என்றேன். குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பியபோது எதிரிகள் அடங்கியிருந்தார்கள். பெருமையோடு ஆட்டத்தை அவனிடம் கொடுத்தேன். இரண்டு கட்டம் ஆடிவிட்டு எழுந்தான்.

“என்னப்பா இது, யாருமே சுட மாட்டேங்கறாங்க. செம போர்.”