பாட்டாவும் பிச்சியும்: பூ வரைதலில் முதுமையின் பங்கு குறித்துத் தோவாளையிலிருந்து ஓர் ஆய்வு

பூவுக்குத் தமிழில் ஏழு பருவம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். கிளையைவிட்டுக் கழன்று விழுவது வீ. வாடிக் கிடப்பது செம்மல். ஆண்மகனுக்கும் ஏழுதான். பன்னிரு பாட்டியல் கணக்குப்படி 7 வயது வரை பாலன், 10 வரை மீளி, 14 வரை மறவோன், 15-இல் திறலோன், 16-இல் காளை, 30 வரை விடலை. முப்பதைத் தாண்டினால் முதுமகன். அதற்கு மேல் பிரிவே கிடையாது. 31 வயதில் பெண் தேடி ஜாதகத்தோடு அலையும் பையன் இலக்கணப்படி கிழவன். 91 வயதில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பவருக்கு அவன் வகுப்புத் தோழன். பெண்களிடம் இலக்கணம் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டது. 40 வரை பேரிளம்பெண். 41-க்கு என்ன பெயர் என்று எழுதிவைக்கவில்லை. புலவர் வீட்டிலும் பெண்கள் இருந்திருப்பார்கள்.

ஆய்வுக்கு இடம் கொடுப்பது ஏழாவது சொல்தான். அகராதியைப் புரட்டினால் செம்மல் என்பதற்கு வாடிய பூ என்றும் பொருள், பெருமைக்குரியவர் என்றும் பொருள். பாராட்டு விழா மேடைகளில் 'கல்விச் செம்மல்', 'சேவைச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். எந்தப் பொருளில் கொடுக்கிறோம் என்று கொடுப்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கழுத்தில் கிடக்கும் மாலைக்கு மட்டும் மறுநாள் காலையில் தெரிந்துவிடுகிறது.

இக்கட்டுரையின் கருதுகோள் இதுதான்: பூ வரைவது இளையோருக்கு வாய்க்கும் கலை அன்று. கண் மங்கல், கை நடுக்கம், மறதி, விடியுமுன் விழிப்பு என்று மருத்துவர் சீட்டில் எழுதும் ஒவ்வொன்றும் பூ வரைபவருக்கு ஒரு தகுதிச் சான்று.

ஆய்வுக்களம் தோவாளை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாயை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். குன்றின் மேல் முருகன், கீழே பூச்சந்தை. பிச்சி, மல்லிகை, அரளி, கேந்தி, கோழிக்கொண்டை, சம்பங்கி, துளசி, தாமரை எல்லாம் சாக்கிலும் கூடையிலுமாக இருட்டோடு வந்து இறங்கும். ஓணம் வந்தால் அத்தப்பூக் கோலத்துக்கு மலையாளக் கரை முழுக்க இங்கேதான் கண். சிவப்பு, வெள்ளை அரளியை நொச்சி இலையோடு பாய் முடைவதுபோல மடித்துக் கட்டும் மாணிக்கமாலை இந்த ஊர்க் கைவேலை. 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆய்வுப் பொருளாக ஒரு பாட்டாவை வைத்துக்கொள்வோம். நாஞ்சில் நாட்டில் தாத்தாவுக்குப் பாட்டா என்றுதான் பெயர். செருப்புக் கடைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் கற்பனை. தெருவுக்கு ஒருவர் நிஜமாகவே இருப்பதால் குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டி வம்பில் மாட்டிக்கொள்ள ஆய்வாளர் விரும்பவில்லை. வயது 72, ஓய்வுபெற்ற ஆசிரியர். 58-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். தமிழக அரசு ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியபோது இவருக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. முதுமையை அரசாணை போட்டு இரண்டு முறை தள்ளிவைத்திருக்கிறார்கள். முழங்கால் மூட்டுக்கு மட்டும் நகல் அனுப்பவில்லை.

முதல் தகுதி விழிப்பு. வயது ஏற ஏற உடம்பின் கடிகாரம் முன்னால் ஓடும். சீக்கிரம் தூக்கம் வரும், சீக்கிரம் போய்விடும். மூன்றரை மணிக்குக் கண் விழித்துவிடும் பாட்டாவை நாட்டில் எந்த நிறுவனமும் வரவேற்பதில்லை. பால் பூத் திறக்காது, நூலகம் திறக்காது, மருமகள் வாசல் கதவைத் திறக்கவிடமாட்டாள். திறந்திருப்பது பூச்சந்தை ஒன்றுதான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம் என்று அளந்து கொடுக்கும் இடம் அது. வயதானால் ஆளின் உயரம் ஓரிரு அங்குலம் குறையும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. முன்கையின் எலும்பு நீளம் குறையாது. ஆகவே சந்தையில் முழம் குறைந்தால் காரணம் மூப்பு அன்று, வியாபாரம்.

இரண்டாவது, கண். நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடும். மராத்தியர் இதில் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். நாற்பதைக் குறிக்கும் 'சாளிசி' என்ற சொல்லையே மூக்குக் கண்ணாடிக்கும் வைத்துவிட்டார்கள். பிறகு கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளிக்கும், நீலம் உள்ளே வருவது குறையும். அல்லிக்குளத்தைத் திரும்பத் திரும்ப வரைந்த பிரெஞ்சு ஓவியர் குளோது மோனேக்கு 1912-இல் கண்புரை என்று சொன்னார்கள். அறுவைக்குப் பயந்து 1923 வரை தள்ளிப்போட்டார். இடையில் நிறம் தெரியாமல், குழாய் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பியும், தட்டில் எந்த நிறம் எந்த இடம் என்பதை நினைவில் வைத்தும் வரைந்தார். அல்லி செந்நெருப்பாக வந்தது. அறுவை முடிந்ததும் எல்லாம் ஒரே நீலமாகத் தெரிகிறது என்று முறையிட்டார். உலகம் இரண்டு படங்களையுமே காட்சியகத்தில் மாட்டி வைத்திருக்கிறது. தோவாளைப் பாட்டாவின் கேந்தி ஆரஞ்சும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் இருந்தால் மட்டும் வீட்டார் சிரிக்கிறார்கள்.

கேந்தி என்பது ஒரு பூ அன்று என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட சிறு பூக்கள் ஒரே தலையில் குடியிருக்கும் கூட்டுக்குடும்பம் அது. பாட்டா அதை எண்ணி எண்ணி வரைவார். நாற்பதாவது இதழில் காப்பி வந்துவிடும். திரும்பி வந்து மறுபடியும் ஒன்றிலிருந்து.

மறதியைக் குறையாகச் சொல்பவர்கள் கபிலரைக் கவனிப்பதில்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்னவர் அவர். ஏன் 100 இல்லை என்று தமிழ்ப் பேராசிரியர்கள் பல விளக்கம் சொல்லக்கூடும். அறுபதைக் கடந்த யாரிடம் கேட்டாலும் விளக்கம் ஒன்றுதான்: நூறாவதின் பெயர் நாக்கு நுனியில் நின்றிருக்கும். அப்புறம் சொல்கிறேன் என்று விட்டிருப்பார். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மரக்கூரையில் தச்சர்கள் செதுக்கியவை 90 பூக்கள். ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. (அரண்மனை தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத்தின் கையில். வீடு மகன் பெயரிலும் வரி ரசீது அப்பா பெயரிலும் இருக்கும் ஏற்பாடு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.) பாட்டா பேரனை அழைத்துப் போய் அண்ணாந்து எண்ணத் தொடங்கினார். முப்பத்தாறில் கழுத்து பிடித்துக்கொண்டது.

கை நடுக்கம் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. பிச்சிக் காம்பை நேர்கோடாக இழுக்க நடுக்கம் உதவாது, உண்மை. ஆனால் கோழிக்கொண்டையின் நெளிநெளியான விளிம்புக்கு நடுங்கும் கையைப் போலக் கருவி இல்லை. இருபது வயதுப் பிள்ளை அந்த விளிம்பைக் கொண்டுவர மெனக்கெட வேண்டும். பாட்டா தூரிகையைத் தாளில் வைத்தால் போதும். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் விரல்கள் முடக்குவாதத்தில் மடங்கிப்போக, பக்கத்தில் இருந்தவர்கள் தூரிகையை விரலிடுக்கில் செருகிவிட்டார்கள். 1919-இல் 78 வயதில் இறக்கும்வரை வரைந்தார். நம் பக்கத்து உதாரணம் இதைவிடப் பெரியது. மருத்துவர் கோ. வெங்கடசாமிக்கு இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிவிட்டன. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் அறுவை பழகினார். 58-இல் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களைத் திறந்துவிட்டவர். கோணல் விரலால் கண்ணிலேயே வேலை செய்ய முடியும் என்றால், ஒரு செம்பருத்தி என்ன பெரிய காரியம் என்பது பாட்டாவின் வாதம். பாட்டியின் பதில் வாதம்: "அவாள் ஊருக்குக் கண்ணு குடுத்தா. நீங்க திண்ணையில சாயம் கொட்டுதிய."

சாயம் கொட்டிய வழக்கை விரிவாகவே பார்க்க வேண்டும். வண்ணம் குழைக்கத் தட்டு வாங்கக் கடைக்குப் போன பாட்டா, வீட்டிலேயே ஒன்று இருப்பது நினைவுக்கு வரத் திரும்பிவிட்டார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை, அறைக்கொரு மூடி, கைக்கடக்கம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மகள் வாங்கிக் கொடுத்த மாத்திரை டப்பா. திங்களில் மஞ்சள், செவ்வாயில் சிவப்பு, புதனில் பச்சை. கோள்களின் நிறப்படியே அமைத்த ஒழுங்கு அது. செவ்வாயும் புதனும் சரியாக வந்தன என்பதை ஜோதிடமும் ஒப்புக்கொள்ளும். வியாழன் காலை பாட்டி வெந்நீர் டம்ளரோடு வந்து மூடியைத் திறந்தாள். உள்ளே இண்டிகோ நீலம். மாத்திரைகள் எங்கே என்ற கேள்விக்கு அன்று மாலை வரை விடை கிடைக்கவில்லை. அவை தூரிகை வைக்கும் குவளையில் பத்திரமாக இருந்தன. தலைச்சாயம் பூசும் பிரஷும் அதே குவளையில்தான் இருந்தது என்பதும், அந்த வாரம் வரைந்த அரளி இலைகள் ஏன் அத்தனை கறுப்பு என்பதும் பின்னால் தெரியவந்தவை.

வெள்ளைப் பூ தனிப் பிரச்சினை. நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவது முறையல்ல. தாளை அப்படியே விட்டுவிட்டு நிழலை மட்டும் வரைய வேண்டும். மல்லிகையை வரைவது என்றால் மல்லிகை இல்லாத இடத்தையெல்லாம் வரைவது. பிச்சி கொஞ்சம் இரக்கம் காட்டும். மொட்டின் வெளிப்புறத்தில் லேசாக ஓடும் செம்மை தூரிகைக்குப் பிடி கொடுக்கும். கால்மணி நேரம் பாடுபட்டு வெள்ளையை விட்டுவைத்தவர், கண்ணாடியில் தம் தலையைப் பார்த்து, அங்கே மட்டும் வெள்ளையை விட்டுவைக்க மனமில்லாமல் மாதத்துக்கு இருமுறை கறுப்படிப்பதை முரண்பாடு என்று குறிப்பதோடு ஆய்வு நிறுத்திக்கொள்கிறது.

இந்த வெள்ளைச் சிக்கலை இங்கிலாந்தின் மேரி டிலேனி வேறுவிதமாகத் தீர்த்தார்: பின்னணியைக் கறுப்பாக்கிவிட்டார். 1772-இல், 72 வயதில், ஜெரேனியம் இதழின் நிறமும் கையிலிருந்த சிவப்புத் தாளின் நிறமும் ஒன்றுபோலிருப்பதைக் கண்டு தாளை வெட்டி ஒட்டத் தொடங்கினார். பார்வை மங்கி 82-இல் நிறுத்தும்போது 985 பூப்படங்கள் சேர்ந்திருந்தன. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுறுசுறுப்பான இளமையில் இவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஜப்பானின் ஹொகுசாய் இன்னும் ஒரு படி மேலே போனார். 70-க்கு முன் தாம் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல, 73-இல்தான் செடி கொடி, பறவை, மீன் கொஞ்சம் பிடிபட்டது, 110 ஆனால் வைக்கும் புள்ளியும் கோடும் உயிர் பெறும் என்று 1834-இல் எழுதிவைத்தார். 1849-இல் இறந்துவிட்டதால் புள்ளி ஆய்வு முடிவு பெறவில்லை.

மறுதரப்புச் சான்று ஒன்றை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. பூ வரைவதைப் பொழுதுபோக்காகக் கொள்ள வழியில்லாதவர்களும் இருந்தார்கள். தென்னிந்தியாவில் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளருக்காக ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்னும் இரு ஓவியர்கள் சம்பளத்துக்கு வரைந்தார்கள். 1853-இல் முடிந்த வைட்டின் பெருந்தொகுப்பில் 2,101 படங்கள். நன்றிக் கடனாக ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார் வைட். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அது ஏற்கெனவே பெயருள்ள வேறொரு பேரினம் என்று கண்டு, அப்பெயரைப் புழக்கத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். பெயருக்கும் ஓய்வு வயது உண்டு போலும். ஓய்வூதியம்தான் இல்லை.

வாடாமல்லியைப் பாட்டா வரைவதில்லை. வயதே ஆகாத ஒன்றோடு உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது என்கிறார்.

இனிக் களப் பரிசோதனை. ஆடி மாதம், கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும் நேரம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றுகின்றன. காலை பத்து மணி. நல்ல பூ எல்லாம் விலை போய், மிச்சம் கூடையில் சோர்ந்து கிடக்கும் வேளை. பூக்காரப் பெண் கேட்கிறாள்:

"என்ன பாட்டா, வாடினதையா எடுக்கிய? விடியக்காலம் வந்தா நல்ல மொட்டாத் தருவம்லா."

"விடியக்காலம்தான் மக்ளே வந்தேன். மொட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணாடியைத் தேடி எடுக்கதுக்குள்ள அது விரிஞ்சிருது. இது இனி எங்கயும் போகாது."

"எதுக்குப் பாட்டா, சாமிக்கா?"

"படம் வரையதுக்கு."

அவள் நம்பவில்லை. பாட்டா பையிலிருந்து நேற்று வரைந்ததை எடுத்து நீட்டுகிறார். காற்றில் பறக்காமல் இரு கையாலும் பிடித்துப் பார்க்கிறாள். தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். கேந்தியா, கோழிக்கொண்டையா என்று கேட்கிறாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, "பிச்சி" என்கிறார்.

"பிச்சியா!" என்று சிரித்துக்கொண்டே படத்தைக் கூடையில் பூவின் மேல் வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு அரளி நிறுக்கத் திரும்புகிறாள். நிறுத்து முடித்ததும் கை தன்னால் பக்கத்து வாளிக்குள் போகிறது. பொழுதெல்லாம் செய்கிற வேலை. ஒரு கை தண்ணீரை அள்ளிக் கூடை மேல் தெளிக்கிறாள். படத்தில் செவ்வாய்க்கிழமைச் சிவப்பும் புதன்கிழமைப் பச்சையும் கரைந்து, காம்பு வழியே கீழே இறங்குகின்றன.

"அய்யோ, பாட்டா!"

பாட்டா குனிந்து பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்க்கிறார்.

"இன்னும் கொஞ்சம் தெளி மக்ளே," என்கிறார். "இப்பதான் பூ மாதிரி வருகு."