கம்பு டப்பா

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் பணத்தை எண்ணியவன், ஓய்வு பெற்றதும் கோழி எண்ண ஆரம்பித்தேன். எண்ணும்போது பணம் எழுந்து ஓடாது என்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு விடியுமுன்பே போய் ஒன்பது பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினேன். சிறுவிடை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும் ஒன்றை ரகம் பிரித்துப் பார்க்கும் ஞானம் எனக்கில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் கொல்லையில் விட்டேன். பகலில் மேயும், பொழுது சாய்ந்தால் அடையும். நான் அறிந்த கோழி சாஸ்திரம் அவ்வளவுதான். சாஸ்திரம் பொய்க்கவில்லை, அடைந்தன. எதிர்வீட்டு முருங்கையில் ஐந்து, அடுத்த தெரு மாட்டுக்கொட்டிலில் நாலு. சேவல் மட்டும் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில்.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, பூப்பறிக்கிற மாதிரி எடுக்கலாம் என்றார்கள். உண்மைதான். ஆனால் எதிர்வீட்டுக்காரருக்கு நன்றாகவே தெரிந்தது. போதாததற்கு, முருங்கைக் கிளை ஓய்வூதியக்காரரைத் தாங்கும் ஜாதியும் இல்லை.

இடுப்பில் தைலத்தோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்க்க வந்தார் பக்கத்து வீட்டு அப்பத்தா.

“ஏப்பா, சந்தையில வாங்கியாந்த கோழிய அன்னைக்கே அவுத்து விடுவாகளா? ஒரு வாரம் கூட்டுலயே போட்டு வையி. எது நம்ம வீடுன்னு அதுக்குப் பிடிபடணும்ல? அப்பறம் சாயங்காலமாப் பார்த்து, பசியோட தெறந்து விடு. தூரம் போறதுக்குள்ள இருட்டிரும். தீனி இங்க இருக்குன்னு தானாத் திரும்பிரும்.”

அந்த ஒரு வாரமும் கூட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரை யார் கொத்தலாம் என்பதில் கோழிகளுக்குள் கறாரான சீனியாரிட்டி உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப் எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1920-களில் இதை ஆராய்ச்சியாகவே எழுதினார். ஒரு கிளை அலுவலகத்தில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். எல்லோரிடமும் மண்டையில் கொத்து வாங்கிவிட்டு, எல்லோரும் தின்றபின் தொட்டியை எட்டிப் பார்க்கும் கடைசிப் பெட்டையைக் கண்டபோது எனக்கு என் முதல் போஸ்டிங் ஞாபகம் வந்தது. அதற்கு மட்டும் தனியாக ஒரு கை குருணை போட்டேன். அதையும் சேவல் வந்து தின்றது.

எட்டாம் நாள் பயிற்சி தொடங்கியது. பழைய பிஸ்கட் டப்பாவில் கம்பைப் போட்டு, கடகடவென்று குலுக்கி, “பா... பா... பா...” என்று கூப்பிட்டுத் தீனி இறைப்பேன். நாலே நாளில் டப்பாச் சத்தம் கேட்டால் போதும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட இறக்கையை விரித்துக்கொண்டு பறந்தோடி வந்தன. பத்தும் சரியாக இருக்கும். கணக்கு இப்படி முதல் தடவையிலேயே நேராவதை நான் பணியில் இருந்தபோதுகூட அதிகம் பார்த்ததில்லை.

ஒரு காலை, கூட்டைத் திறந்துவிட்ட நேரம், தெருவில் குடுகுடுப்பைக்காரர் வந்தார். உடுக்கை குலுங்கியது, பத்தும் வேலி தாண்டின. “நல்ல காலம் பொறக்குது” என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பிப் பார்க்கிறார், பின்னால் பத்துக் கோழி. சொன்ன வாக்கு அவருக்கே இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை போலிருக்கிறது. நடையை எட்டிப் போட்டார். உடுக்கை இன்னும் வேகமாகக் குலுங்கியது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டப்பாவைக் குலுக்கியபடி நானும் பின்னால் ஓடினேன். ஊர் எல்லை வரை அவருக்குத்தான் மவுசு.

டப்பா வேண்டாம் என்று, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டிப் பழக்கினேன். இந்த முறை மூன்றே நாள். நாலாம் நாள் ராத்திரி, என் மனைவி சோற்றுத்தட்டைத் தரையில் வைத்துக் கரண்டியை எடுத்தாள். அடைந்த கோழிகள் விளக்கு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, சீனியாரிட்டி தவறாமல் அடுப்படிக்குள் நுழைந்தன.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் வாழையிலைதான். வருகிறவர்கள் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள்.